'இல்லை' என்று சொல்லாத ஊர்

(நம் முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. சங்கச் செயலாளர் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, நம்ம பசங்க நிறையப் பேரு வெளிநாடு போறாங்க. நீங்க இந்தோனேசியாவுல அத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. அவங்களோட எப்படித் தொழில் பண்றதுன்னு கொஞ்சம் பேசுங்களேன்" என்றார். "பார்க்கலாம் தம்பி" என்றேன். அவர் அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டு அழைப்பிதழில் என் பெயரைப் போட்டுவிட்டார்! (சிரிப்பு) இந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன். இன்றைய பேச்சே அதில்தான் இருக்கிறது.

நான் கோச்சடைக்காரன். முத்தையா கோயில் பக்கத்தில்தான் எங்கள் வீடு. மேலக்கால் ரோட்டில் சைக்கிள் மிதித்துத்தான் கல்லூரிக்கு வருவேன். கடைசி பெஞ்சு. படிப்பு முடிந்து மதுரையில் ஒரு நூற்பாலையில் சில வருஷம் வேலை பார்த்தேன். 1993-ல் இந்தோனேசியாவில் பாண்டுங் நகருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. அப்போது அங்கே நம்மவர்கள் நடத்தும் ஆலைகளும், நம் ஆட்களை வேலைக்கு எடுக்கும் ஆலைகளும் நிறைய. வீட்டில் அம்மா, "துபாய், சிங்கப்பூருன்னா தெரியும். இது எங்கேடா இருக்கு?" என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாது.

போன பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு பெரிய நாடு என்று. 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள். இன்று ஜனத்தொகை சுமார் 28 கோடி. உலகத்தில் நான்காவது இடம். ஏறத்தாழ நூற்றுக்கு 87 பேர் முஸ்லிம்கள். ஆனாலும் ராமாயணமும் மகாபாரதமும் அங்கே இன்றும் பொம்மலாட்டமாக விடிய விடிய நடக்கின்றன.

நமக்கும் அந்த நாட்டுக்கும் உறவு நேற்று வந்தது அல்ல. சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஓர் ஊர். கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே கற்பூரத்துக்கு இன்றும் 'காப்பூர் பாருஸ்' என்றுதான் பெயர். அந்த ஊருக்குப் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1873-ல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. கி.பி. 1088-ம் ஆண்டுக் கல்வெட்டு அது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகர் குழு, கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரியின் விலைப்படி பொன்னாகக் கட்ட வேண்டிய ஆயத்தை அதில் எழுதி வைத்திருக்கிறது. 900 வருஷத்துக்கு முன்பே அங்கே கூடி உட்கார்ந்து, பேசி முடிவெடுத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நான் விமானத்தில் போய்ப் பண்ணிய தப்பை அவர்கள் பாய்மரக் கப்பலில் போயும் பண்ணியிருக்க மாட்டார்கள்.

மொழியும் அப்படித்தான். வியாபாரத்துக்குப் போடுகிற முதலுக்கு அங்கே என்ன சொல் தெரியுமா? 'மோடல்'. நம்ம 'முதல்'தான் அது. கடைக்குக் 'கெடாய்', கப்பலுக்குக் 'காப்பால்', பெட்டிக்குப் 'பெத்தி'. லாபத்துக்கு 'லாபா'. பத்திரத்தில் ஒட்டுகிற ஸ்டாம்புக்கு 'மெத்தெராய்', அதாவது நம் முத்திரை. எழுத்தோ ஆங்கில எழுத்து. மூன்று மாதத்தில் கடைக்குப் போய்ப் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டேன். வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது. 'மொழி வந்தாச்சு, ஆட்கள் சாது, இனி என்ன?' என்று நினைத்தேன்.

இப்போது சொல்லப் போவதை என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

1994 பிப்ரவரி, ரம்ஜான் மாதம். இரவு ஷிப்ட். ரிங் ஃபிரேம் வரிசையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. எங்கள் பகுதிக்கு ஒரு ஃபிட்டர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சத்தத்தைக் கேட்டே எந்த ஸ்பிண்டில் கோளாறு என்று சொல்லிவிடுவார். 'பாக்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பாக் என்றால் அப்பா, ஐயா என்று பொருள். அன்றைக்கு முந்தைய நாளே சரி பண்ணச் சொல்லியிருந்தேன். "முடியுமா?" என்று கேட்டதற்கு "யா, பாக்" என்றார். அங்கே மேலதிகாரி வயதில் சின்னவனாக இருந்தாலும் பாக்தான். ஆனால் வேலை நடக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, இருபது பெண் பிள்ளைகள் வேலை பார்க்கிற இடத்தில், "நீ எல்லாம் எதுக்குச் சம்பளம் வாங்குறே?" என்று அவர் மொழியிலேயே கத்தினேன்.

அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வெறி. நம்மைக் கேலி பண்ணுகிறான் என்று நினைத்து அதற்கும் சேர்த்துத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்து, "மஆஃப், பாக்" என்று மட்டும் சொன்னார். மன்னிக்கவும் என்று அர்த்தம். பகலெல்லாம் நோன்பு இருந்துவிட்டு இரவு வேலைக்கு வந்த மனுஷன்.

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. புகார் இல்லை, சண்டை இல்லை, ஒரு கடிதம் இல்லை. எங்கள் ஆலையில் லெபரானுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு முன்னால், ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கொடுப்பார்கள். அதற்கு மூன்று வாரமே பாக்கி. மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம். புதுத்துணியும் ஊருக்குப் போகிற பஸ் செலவும் அந்தப் பணத்தில்தான். அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு வேறு ஆலைக்குப் போய்விட்டார் என்று நாலாம் நாள் தெரிந்தது.

ஆலையின் பணியாளர் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். அவரிடம் போய், "நான் கோபத்தில் பேசியது உண்மை. அதுக்காக வேலையையே விடுவாங்களா?" என்று கேட்டேன். அவர் நிதானமாக எனக்குப் பாடம் எடுத்தார். "முதல் விஷயம், அவர் சிரித்தது கேலி இல்லை. கூனிக் குறுகும்போது எங்க ஆளுங்க சிரிப்பாங்க. இரண்டாவது, இடுப்பில் கை வைத்து நிற்பது எங்களுக்குச் சண்டைக்கு அழைப்பது மாதிரி. மூன்றாவது, தனியறைக்குக் கூப்பிட்டு இதைவிடக் கடுமையாகத் திட்டியிருந்தாலும் அவர் இருந்திருப்பார். பிள்ளை வயசுப் பொண்ணுங்க முன்னால் திட்டினீங்களே, இனி அவர் எப்படி அந்த வரிசையில் நடப்பார்?" என்றார். இதை அங்கே 'மாலு' என்பார்கள். வெட்கம், மானம், தலைகுனிவு மூன்றையும் சேர்த்த சொல். நாம் சொல்லும் 'மானம் போச்சு' என்பதற்குக் கிட்டத்தில் வரும்.

அந்த அம்மா கடைசியில் ஒன்று சொன்னார்: "அவர் முதல் நாள் 'யா' என்றது 'முடியும்' என்று இல்லை. 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது' என்று. ஸ்டோரில் சாமான் இல்லை. அதை உங்ககிட்ட நேராகச் சொல்ல அவருக்குக் கூச்சம்."

மாணவச் செல்வங்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில், அதிலும் ஜாவாவில், முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்வது முரட்டுத்தனம். இல்லை என்பதற்குத் 'திடாக்' என்று சொல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் 'பெலும்' என்பார்கள். 'இன்னும் இல்லை' என்று பொருள். பணம் வந்ததா? பெலும். சரக்கு ஏற்றியாச்சா? பெலும். எழுபது வயது பிரம்மச்சாரியிடம் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாலும் பெலும்தான்! மேலதிகாரிக்குக் கெட்ட சேதி சொல்லாமல் மறைப்பதை அவர்களே கிண்டலாக, 'அசல் பாப்பாக் செனாங்' என்பார்கள். 'ஐயா சந்தோஷமா இருந்தாப் போதும்' என்று அர்த்தம்.

அதனால் "முடியுமா?" என்று கேட்கக் கூடாது. "எப்போது முடியும்? அதற்கு என்ன சாமான் வேண்டும்? நான் என்ன செய்யணும்?" என்று கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்காமல், டீ குடிக்கும்போது தனியாகக் கேட்க வேண்டும். அப்போது உண்மை வரும். 'கொஞ்சம் சிரமம்' என்றால் முடியாது என்று அர்த்தம். பதிலே வராவிட்டாலும் அப்படித்தான்.

இதைக் கேட்டு, "என்னப்பா, வாயைத் திறந்து சொல்லாத ஜனங்களா இருக்காங்களே" என்று சிரிக்காதீர்கள். நம் ஊரில் பெண் பார்க்கப் போய், பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்று எழுந்து வருகிறோமே, அது என்ன? கடன் கேட்டு வந்த பங்காளியிடம் "பார்க்கலாம்" என்கிறோமே, அது என்ன? நம் செயலாளர் என் 'பார்க்கலாமை'ச் சரி என்று எடுத்துக்கொண்டது அவர் சாமர்த்தியம்! (சிரிப்பு) நமக்கும் இந்தப் பாஷை தெரியும். சம்பளம் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது.

இனி, வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைகள்.

முதல் சந்திப்பில் விலை பேசாதீர்கள். குடும்பம், ஊர், பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு போகும். அது வெட்டிப் பேச்சு அல்ல. இவனோடு தொழில் செய்யலாமா என்று உங்களை எடை போடும் நேரம் அது. விசிட்டிங் கார்டை வலது கையால், முடிந்தால் இரண்டு கையாலும் கொடுங்கள். வாங்கியதைப் படித்துப் பார்த்துவிட்டு வையுங்கள். இடது கை வேண்டாம். இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டீ வைத்தால் 'சிலாக்கான்' என்று அவர்கள் சொன்ன பிறகு எடுங்கள். ஆளையோ பொருளையோ ஆள்காட்டி விரலால் சுட்டாதீர்கள். ஜாவாக்காரர்கள் பெருவிரலால்தான் காட்டுவார்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டும்போது கொஞ்சம் குனிந்து, 'பெர்மிசி' என்று சொல்லிப் போங்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒரு சின்னப் பொட்டலமாவது கொண்டு போங்கள். அதற்கு 'ஒலே-ஒலே' என்று பெயர். நான் கொண்டுபோன சேவும் முறுக்கும் எந்தக் கடிதமும் முடிக்காத வேலையை முடித்திருக்கின்றன. பாத்திக் சட்டை போடுவது அங்கே முழு மரியாதையான உடை. 2009-ல் யுனெஸ்கோ அதை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முடிவெடுக்கும் முறையும் வேறு. 'முஸ்யாவரா' என்று எல்லோரும் கலந்து பேசி, 'முஃபாக்காத்' என்ற ஒருமனதுக்கு வர வேண்டும். அவர்கள் அரசியல் சாசனத்தின் ஐந்து அடிப்படைகளில் நாலாவதே இந்தக் கலந்தாலோசனையைத்தான் சொல்கிறது. எனவே எதிரில் இருக்கும் ஒருவரை மடக்கிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். 'ஜாம் காரெட்', ரப்பர் கடிகாரம் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் நீங்கள் நேரத்துக்குப் போய்விடுங்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி என்றும் எண்ண வேண்டாம். சுமத்ராவில் பாத்தாக் மக்கள் உரக்கப் பேசுவார்கள், பட்டென்று சொல்வார்கள், நம்ம மதுரை மாதிரி. அங்கே மேடான் நகரில் புகையிலைத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வம்சாவளியினர் இன்றும் இருக்கிறார்கள். கம்போங் மெட்ராஸ் என்றே ஒரு பகுதி. 1884-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒருமுறை அங்கே போய் நின்றபோது, எனக்கு நம்ம தெப்பக்குளம் மாரியம்மன் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

காகித விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நல்ல மனசு வேறு, ஒப்பந்தம் வேறு. 2009-ம் ஆண்டின் 24-ம் எண் சட்டப்படி, இந்தோனேசியத் தரப்பு உள்ள ஒப்பந்தம் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒரு கடன் ஒப்பந்தத்தை 2013-ல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது. 2015-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரண்டு மொழியிலும் எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள் பெருநாள் போனஸை மறக்கக் கூடாது. 2016-ம் ஆண்டு விதிப்படி, பன்னிரண்டு மாதம் வேலை பார்த்தவருக்கு ஒரு மாதச் சம்பளம், பெருநாளுக்கு ஏழு நாள் முன்பே கொடுத்தாக வேண்டும்.

காகிதத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. 1997-ன் நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ருப்பியா. 1998 ஜூனில் 16,000-த்தையும் தாண்டியது. டாலரில் கடன் வைத்திருந்த ஆலைகள் எல்லாம் திணறின. எங்கள் ஆலையும் உதிரிபாகம் வாங்கிய இரண்டு தமிழ்நாட்டு வியாபாரிகளுக்குப் பாக்கி வைத்தது. ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இன்னொருவர் நேரில் வந்தார். முதல் நாள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளியின் உடல்நலம் விசாரித்தார், சாப்பிட்டார், போனார். மறுநாள் முதலாளியே கணக்கை எடுத்து வைத்து, "மாதாமாதம் இவ்வளவு தருகிறேன்" என்றார். சொன்னபடி பதினாலு மாதத்தில் முடித்தார். நோட்டீஸ் அனுப்பியவர் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். வந்தவரின் பையிலும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தது. அதை வெளியே எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஃபிட்டர் கதையை முடிக்கவில்லையே என்று பார்க்கிறீர்கள். சொல்கிறேன்.

விஷயம் புரிந்த பிறகும் எனக்கு அவர் வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. அதிகாரி என்ற கர்வம் பாதி, வெட்கம் பாதி. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நாள் போய்க்கொண்டே இருந்தது. மார்ச் மாதம் லெபரான் வந்தது. அன்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் போய், 'மொஹோன் மஆஃப் லாஹிர் டான் பாத்தின்' என்பார்கள். 'வெளியில் தெரிந்தும் உள்ளத்திலும் நான் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று பொருள்.

காலை பத்து மணிக்கு என் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அவர் நிற்கிறார். மனைவி, மூன்று பிள்ளைகள். கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் பலகாரம். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, அந்த வாக்கியத்தைச் சொன்னார். திட்டியவன் நான். வேலையும் போனஸும் இழந்தவர் அவர். மன்னிப்புக் கேட்டது அவர். எனக்கு நாக்கு எழவில்லை. 'திரும்பி வந்துவிடுங்கள்' என்றேன். அவர் சிரித்தார். "பெலும், பாக்" என்றார். அது எந்த பெலும் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு 2011-ல் ஊர் திரும்பும் வரை, ஆலையிலும் சரி, பிறகு நானே உதிரிபாகத் தொழில் செய்தபோதும் சரி, நாலு பேர் முன்னால் யாரையும் நான் குரல் உயர்த்தியதில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்தத் தூக்குப் பாத்திரம் ஞாபகம் வந்துவிடும், அவ்வளவுதான்.

லெபரான் முடிந்த வாரங்களில் அங்கே அலுவலகங்களிலும், பள்ளி கல்லூரிகளில் பழைய மாணவர்களிடையேயும், 'ஹலால் பிஹலால்' என்று கூடுவார்கள். வரிசையில் நின்று கைகொடுத்து, பழைய மனஸ்தாபங்களை முடித்துக்கொண்டு, ஒன்றாகச் சாப்பிட்டுப் போவார்கள். இன்றைக்கு நாம் கூடியிருப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஹாஸ்டல் எலெக்ஷனில் சண்டை போட்டுவிட்டு இன்றுவரை பேசாத இருவர் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் நான். (சிரிப்பு) இன்னொருவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கீழே இறங்கியதும் நான்தான் முதலில் அவரிடம் போகப் போகிறேன். இந்த முறை எதிராளி வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்க மாட்டேன்.